புழுதி எங்கே நிற்கிறது?

கேள்வி: கேலக்ஸிக் கொத்துகளில் சில அடங்கியவை, சில கலங்கியவை என்று படித்தேன். இரண்டு கொத்துகள் மோதி அடங்கக் கோடிக்கணக்கான வருஷம் ஆகுமாம். ஒரே ஒரு படத்தை வைத்துக்கொண்டு அதை எப்படி ஐயா சொல்கிறார்கள்?
(பிளஸ் டூ மாணவி, பாலக்கோடு)

பதில்: கண்ணு, மண் தடத்தில் இரண்டு ஆட்டு மந்தைகள் எதிரெதிரே வருவதை உங்கள் ஊர்ப் பக்கம் பார்த்திருப்பாய். ஆடுகள் சந்து பார்த்து நுழைந்து அப்பால் போய்விடும். இரண்டு பக்கத்துப் புழுதியும் நடுவில் முட்டி அங்கேயே நிற்கும். கொஞ்சம் கழித்து வருகிறவனுக்கு அதைப் பார்த்தாலே நடந்தது தெரியும். (மந்தை கலந்துவிடாதா என்று கேட்பாய். கொத்துகளும் கடைசியில் கலந்துதான் போகின்றன.)

இங்கே மந்தை ஒரு கொத்து, ஆடுகள் அதில் ஈர்ப்பால் சேர்ந்திருக்கும் கேலக்ஸிகள். புழுதி, அவற்றின் இடைவெளியெல்லாம் நிரம்பியிருக்கும், கோடிக்கணக்கான டிகிரி சூட்டில் கொதிக்கும் வாயு. அது எக்ஸ்ரேயில் ஒளிரும். 1999இல் ஏவிய சந்திரா தொலைநோக்கிக்கு அது நன்றாகத் தெரியும். அடங்கிய கொத்தில் ஆகப் பெரிய கேலக்ஸி, வாயு மிகப் பிரகாசமாக இருக்கும் இடத்திலேயே உட்கார்ந்திருக்கும். இரண்டு கொத்துகள் மோதிய புல்லட் கொத்தில் கேலக்ஸிகள் இரண்டு பக்கமும் தாண்டிப் போய்விட்டன, வாயு நடுவில் பின்தங்கிவிட்டது.

எல்லாக் கொத்தும் இவ்வளவு பளிச்சென்று காட்டிக்கொடுக்காது. அப்போது எக்ஸ்ரே படத்தில் பிரகாசமான புள்ளியைச் சுற்றிச் சின்ன வட்டம், அதைவிடப் பெரியது, இன்னும் பெரியது என்று போடுவார்கள். ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் ஒளியின் மையம் எங்கே விழுகிறது என்று கணக்கிடுவார்கள். எல்லாம் ஒரே இடத்தில் விழுந்தால் அடங்கிய கொத்து. வட்டம் பெருகப் பெருக மையம் ஒரு பக்கமாக நகர்ந்தால், அந்தப் பக்கம் ஏதோ வந்து சேர்ந்திருக்கிறது.

மோதல் நம் பார்வைக் கோட்டிலேயே நடந்தால் இந்த வித்தை பலிக்காது. ஒன்றன் பின் ஒன்றாக நிற்பதால் படம் உருண்டையாகச் சாதுவாகத் தெரியும். அங்கே நிறமாலையில் ஒவ்வொரு கேலக்ஸியின் வேகத்தையும் அளக்க வேண்டும். எந்த வேகத்தில் எத்தனை கேலக்ஸி என்று போட்ட வரைபடத்தில் ஒற்றை மேடு வராமல் இரட்டை மேடு வந்தால் குட்டு வெளிப்பட்டது. ஒரே ஒரு சோதனையை வைத்துத் தீர்ப்புச் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. கோமா கொத்தை ரொம்ப காலம் அடங்கிய கொத்துக்கு உதாரணமாகச் சொன்னார்கள். அதன் நடுவில் ஒன்றுக்கு இரண்டு பெரிய கேலக்ஸிகள், தென்மேற்கில் ஒரு குழு வேறு விழுந்துகொண்டிருக்கிறது.

கேள்வி: இதில் எதையாவது நம் மாவட்டத்திலிருந்து பார்க்கலாமா?
(வாசகர், பென்னாகரம்)

பதில்: பார்க்கலாம். கன்னிக் கொத்து, சுமார் 5.4 கோடி ஒளியாண்டு தூரம். ஏப்ரல் நடுவில் இரவு 11 மணிக்கு மேல் நம் உச்சந்தலைக்கு நேராக வரும். வத்தல்மலை மாதிரி இருட்டான இடமும் 6 அங்குலத் தொலைநோக்கியும் போதும். அதிலுள்ள எம்87, எம்86 என்ற இரண்டு கேலக்ஸிகளும் பஞ்சுத் துணுக்கு மாதிரி மங்கலாகத் தெரியும். எம்87 வினாடிக்குச் சுமார் 1,280 கி.மீ. வேகத்தில் நம்மை விட்டு விலகுகிறது. பக்கத்து எம்86 சுமார் 240 கி.மீ. வேகத்தில் நம்மை நோக்கி வருகிறது, கொத்துக்குள் விழுந்துகொண்டே. கழுத்து வலிக்கும், சால்வை எடுத்துப் போங்கள்.