தண்டையார்பேட்டைதான் சார்

அன்புத் தம்பிக்கு,

பழைய வண்ணாரப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவன் நான். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். அப்பாவும் துறைமுகம்தான். பர்மாவிலிருந்து நம் ஜனங்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கியபோது அவர் அங்கே வேலையில் இருந்தார். உங்கள் எழுத்துகளை விடாமல் படிக்கிறேன். இதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

போன வாரம் மகளோடு ஒரு வங்கிக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு முகம் மணிப்பூர், மிசோரம் பக்கம் போல இருந்தது. பேச்சோ அசல் நம்ம ஏரியாத் தமிழ். ஆசையாக இருந்தது. “எந்த ஊரும்மா?” என்றேன். “தண்டையார்பேட்டை சார்” என்றாள். “அது சரிம்மா, பூர்வீகம்?” “தண்டையார்பேட்டைதான் சார்.” “இல்லம்மா, அப்பா அம்மா எந்தப் பக்கம்?” அவள் என்னைப் பார்க்காமல் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டாள்.

ஆட்டோவில் வீடு வரைக்கும் மகள் திட்டிக்கொண்டே வந்தாள். லண்டனில் அரண்மனையில் ஒரு அம்மா இதே கேள்வியைக் கேட்டுப் பதவியே போயிற்றாம். இனி யாரையும் கேட்கவே கூடாது என்கிறாள். நம் ஊரில் ரயில் ஏறி உட்கார்ந்தால் ‘எந்த ஊரு’ என்றுதானே பேச்சே ஆரம்பிக்கும்? லண்டன் நியாயம் வண்ணாரப்பேட்டைக்கு எதற்கு?

பி.கு: இதற்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்கிறேன். சொந்தக்காரர் விசேஷத்துக்காக அடையாறு போயிருந்தேன். பந்தியில் பக்கத்தில் இருந்தவர், “வண்ணாரப்பேட்டையா? பார்த்தா தெரியலையே சார்!” என்றார். சோறு இறங்கவில்லை. இந்த மாதிரி ஆட்களைப் பற்றியும் எழுதுங்கள்.

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எடுத்துவிட்டேன்.)

*

அன்புள்ள அண்ணனுக்கு,

சம்பந்தமில்லை என்று எழுதிய பின்குறிப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அந்த அடையாறுக்காரர் உங்களைப் பாராட்டுவதாகத்தான் நினைத்திருப்பார். அவர் மனதில் வண்ணாரப்பேட்டை ஆள் என்றால் ஒரு சித்திரம் இருக்கிறது. கைலி, கத்தி, கெட்ட வார்த்தை என்று சினிமாவில் பார்த்துச் சேர்த்தது. நீங்கள் சலவைச் சட்டையில் உட்கார்ந்து பாயசம் குடித்தீர்கள். சித்திரத்தோடு ஒத்துப்போகவில்லை. சித்திரம் தப்பு என்று அவருக்குத் தோன்றவில்லை, நீங்கள் விதிவிலக்கு என்று தோன்றியது.

இப்போது வங்கிக்கு வாருங்கள். அந்தப் பெண் தண்டையார்பேட்டை என்றாள். உங்கள் மனதிலும் தண்டையார்பேட்டை முகம் என்று ஒன்று இருக்கிறது. அவளுடையது அதோடு ஒத்துப்போகவில்லை. ‘அது சரிம்மா, பூர்வீகம்?’ என்றீர்கள். ‘பார்த்தா தெரியலையே’ என்று வாய் திறந்து சொல்லவில்லை, அவ்வளவுதான். அவளுக்கு அது கேட்டிருக்கும். உங்களுக்காவது என்றைக்கோ ஒரு பந்தியில் நடந்தது. அவளுக்குப் பள்ளிக்கூடத்தில், ஷேர் ஆட்டோவில், கோயிலில் என்று சின்ன வயதிலிருந்தே நடந்துகொண்டிருக்கும்.

அதனால் முதல் கேள்வியில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. இரண்டாவதிலிருந்துதான் சங்கடம். ஊரைக் கேட்டீர்கள், சொன்னாள். அந்தப் பதிலை வாங்கி வைத்துக்கொள்ளாமல் திருப்பிக் கொடுத்தீர்கள். மூன்றாவதில் அப்பா அம்மாவை இழுத்தீர்கள்.

இன்னொன்றும் உண்டு. அவள் கவுண்டருக்குப் பின்னால் இருந்தாள். எழுந்து போக முடியாது, ‘உங்க பூர்வீகம் என்ன சார்’ என்று திருப்பிக் கேட்கவும் முடியாது, கேட்டால் மேனேஜரிடம் புகார் போகும். கையில் இருந்த ஒரே வழி அடுத்த டோக்கன். உணவு கொண்டுவரும் பையன், சலூனில் முடி வெட்டும் மணிப்பூர்க்காரர், மருத்துவமனை நர்ஸ் எல்லோருக்கும் இதே நிலைமைதான். வேலை நேரத்தில் இருப்பவர் சிரித்துக்கொண்டே பதில் சொன்னால் அது சம்பளத்துக்கான சிரிப்பாகவும் இருக்கலாம்.

உங்கள் மகள் சொன்ன லண்டன் கதை 2022 நவம்பரில் பக்கிங்ஹாம் அரண்மனையில் நடந்தது. குடும்ப வன்முறையில் சிக்கிய கறுப்பினப் பெண்களுக்கு உதவும் அமைப்பை அப்போது நடத்திவந்த என்கோசி ஃபுலானி அங்கே ஒரு நிகழ்ச்சிக்குப் போயிருந்தார். மறைந்த எலிசபெத் ராணியிடம் நெடுங்காலம் பணியாற்றிய சூசன் ஹஸ்ஸி, அப்போது 83 வயது, எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டார். ஃபுலானி ஹாக்னி என்றார். அது லண்டனிலேயே ஒரு பகுதி. இல்லை, ஆப்பிரிக்காவில் எந்தப் பக்கம் என்று கேள்வி நீண்டது. பெற்றோர் ஐம்பதுகளில் கரீபியத் தீவிலிருந்து வந்தவர்கள் என்பது வெளிவந்ததும்தான் அந்த அம்மாவுக்குத் திருப்தி. ஃபுலானி இதை எழுதினார், ஹஸ்ஸி பொறுப்பிலிருந்து விலகினார், அடுத்த மாதம் நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்டார். ஹாக்னி இருக்கிற இடத்தில் தண்டையார்பேட்டையைப் போட்டுப் படித்துப் பாருங்கள். நிறம் வேறு, நாடு வேறு என்பதெல்லாம் சரிதான். ஆனால் ஆளை ஒரு பெட்டியில் போட்டு மூடுகிற வரைக்கும் கேள்வி நிற்கவில்லையே, அது இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

ரயில் பேச்சு என்றீர்கள். கும்மிடிப்பூண்டி வண்டியில் எண்ணூர் பக்கம் மீன் கூடையோடு ஏறும் அம்மாக்களை நினைத்துக்கொள்கிறேன். கூடையைக் காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்த மறு நிமிஷம் ஆரம்பித்துவிடுவார்கள். எந்த ஊரு, எத்தனை புள்ளைங்க, வீட்டுக்காரர் என்ன வேலை, சம்பளம் எவ்ளோ. கோபமே வராது. ஏனென்றால் நம்மைக் கேட்பதற்கு முன்னாலேயே தங்கள் கதை முழுவதையும் கொட்டிவிட்டார்கள். மருமகள் சண்டை, மூட்டு வலி, ஐஸ் விலை, எல்லாம். நாம் பொய் சொன்னாலும் அவர்களுக்குக் கவலையில்லை. திருவொற்றியூரில் இறங்கும்போது முருங்கைக்கீரைக் கட்டு ஒன்று நம் மடியில் விழுந்தாலும் விழும். நீங்கள் வங்கியில் உங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னீர்களா?

இதே கேள்வி வாடகை வீட்டு வாசலில் வேறு முகம் காட்டும். பெரம்பூர், கொளத்தூர் பக்கம் வீடு தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும். புரோக்கர் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு நிற்பார், பூட்டைத் திறக்க மாட்டார். “சொந்த ஊரு?” “திருவண்ணாமலை பக்கம்.” “பக்கம்னா?” கிராமத்துப் பேர் சொன்னால், “ஊர்லயா, காலனியிலயா?” அதற்கும் பிடி கொடுக்கவில்லை என்றால் குலதெய்வம் வரும், கறி சாப்பிடுவீங்களா என்பது வரும், கடைசியில் வேறு வழியில்லாமல் “தப்பா நெனச்சுக்காதீங்க, ஹவுஸ் ஓனர் கேப்பாரு, நீங்க எந்த ஆளுங்க?” (தலித் மக்கள் குடியிருப்பைக் குறிக்கும் காலனி என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். புரோக்கர் வாயிலிருந்து நீங்க இன்னும் நாளாகும்.)

1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டங்களை விட்டுவிடத் தீர்மானம் போட்டார்கள். மெல்ல மெல்ல நம் ஆட்கள் விட்டும் விட்டார்கள். வடக்கே பெயரைக் கேட்டாலே தெரிந்துவிடுவது இங்கே தெரியாது. நல்ல காரியம். ஆனால் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற அரிப்பு போகவில்லை, அது ‘எந்த ஊரு’க்குள் போய் உட்கார்ந்துகொண்டது. நீங்கள் வெள்ளை மனதோடு கேட்டாலும், கேட்கிற காதுக்கு முன்னால் சாவி சுற்றுவது தெரியும். நம்ம பக்கத்துக்கு இது இரட்டிப்பு. ஊருக்கு ஒரு தடவை வடிகட்டுவார்கள், ஏரியாவுக்கு ஒரு தடவை. வியாசர்பாடிப் பையன்கள் வேலை விண்ணப்பத்தில் பெரம்பூர் என்று போடுவது உங்களுக்குத் தெரியாததா?

வட சென்னையே இந்தக் கேள்வியில் பிறந்த இடம்தான், அண்ணே. கிழக்கிந்தியக் கும்பினிக்காரன் கோட்டைக்குள் வெள்ளையரை வைத்தான், வெளியே கறுப்பர் நகரம் என்றான். அந்தக் கறுப்பர் நகரத்துக்குத்தான் 1911இல் ஜார்ஜ் டவுன் என்று பேர் மாறியது. வந்தவனையெல்லாம் நீ யார், என்ன தொழில் என்று கேட்டு இடம் கொடுத்தார்கள். துணி வெளுப்பவர்களுக்கு நம் வண்ணாரப்பேட்டை, நெசவாளர்களுக்குக் கவர்னர் காலட் பேரில் காலடிப்பேட்டை. 1707இல் வலங்கை, இடங்கை என்று இரண்டு அணியாகப் பிரிந்திருந்த சாதிகளுக்குள் சண்டை முற்றி, கவர்னர் தாமஸ் பிட் தெருக்களையே பிரித்துவிட வேண்டி வந்தது. அர்மீனியர்கள் வந்தார்கள், 1772இல் கட்டிய தேவாலயம் நிற்கிறது, அவர்கள் இல்லை. ராயபுரத்தில் பார்சிகளின் அக்கினிக் கோயில் இருக்கிறது. தங்கசாலையில் மார்வாடிக் கடைப் பையன் நம்மைவிட வேகமாக மெட்ராஸ் பாஷை பேசுகிறான். இங்கே தண்டையார்பேட்டை முகம் என்று எதைச் சொல்வீர்கள்?

அந்தப் பெண்ணின் பாட்டி பர்மாக்காரியாக இருக்கலாம், நாகாலாந்துக்காரியாக இருக்கலாம், எதுவும் இல்லாமலும் இருக்கலாம். நமக்குத் தெரிய வேண்டியதில்லை.

தெரிந்துகொள்ள ஆசையென்றால் அதற்கென்றே திறந்து வைத்திருக்கிற வாசல்கள் உண்டு. கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் விற்கும் வண்டிக்குச் சாயங்காலம் போங்கள். ஆரஞ்சு நிற நூடுல்ஸைக் கையாலேயே அள்ளிப் போட்டு, கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் சேர்த்துப் பிசைந்து, மொறுமொறுப்பான பேஜோவை நொறுக்கிப் போட்டுக் கொடுப்பார்கள், கூட வாழைத்தண்டு சூப். வண்டி முகப்பிலேயே பர்மா என்று பெரிதாக எழுதியிருக்கும். எழுதி வைத்தவரிடம் கேட்கலாம். கூட்டம் இல்லாத நேரமாக இருந்தால், பர்மாவில் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியில் கடைகண்ணியெல்லாம் பறிபோனது, 1964இல் தாத்தா கப்பலேறியது, எண்ணூர்ப் பக்கம் குடிசை போட்டது என்று ரங்கூன் தெருப் பேரோடு சொல்வார்கள். அதே வீட்டில் பிறந்த பேத்தி எங்காவது அலுவலகத்தில் இருப்பாள். அவள் நெற்றியில் அப்படி எதுவும் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. எதற்கு எழுத வேண்டும்?

இன்னும் கொஞ்சம் வடக்கே போனால் புழல் காவாங்கரையில் இலங்கைத் தமிழர் முகாம். அங்கே பிறந்து, இங்கேயே படித்து, இலங்கையைக் கண்ணால் பார்க்காத பிள்ளைகள் இருக்கிறார்கள். குடியுரிமை இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை பேர் இல்லை. அந்தப் பிள்ளையிடம் போய் நீங்கள் ‘சொந்த ஊர் எது’ என்று அன்பாகத்தான் கேட்பீர்கள். போலீஸும் அதையே கேட்கிறது, கல்லூரி அலுவலகமும் அதையே கேட்கிறது. உங்கள் அன்பு தனியாக அடையாளம் தெரியாது.

சரி, உங்கள் மகளிடம் வருகிறேன். ஆட்டோவில் அவர் திட்டியது நியாயம். யாரையும் கேட்கவே கூடாது என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். யாரும் யாரையும் எதுவும் கேட்காமல், காதில் ஒயரை மாட்டிக்கொண்டு போகிற ஊர் நமக்கு வேண்டாம். அறிமுகமில்லாதவரிடம் முதலில் உங்களைச் சொல்லுங்கள். ‘நான் பழைய வண்ணாரப்பேட்டை, அப்பா காலத்திலிருந்து துறைமுகம்’ என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அவர்களுக்கு இஷ்டம் இருந்தால் பேசுவார்கள். ‘அப்படியா சார்’ என்று மொபைலைப் பார்த்தால் விட்டுவிடுங்கள். எதையாவது சொல்லி மழுப்பினாலும் விட்டுவிடுங்கள். மழுப்புகிறவருக்கு ஒரு காரணம் இருக்கும். வயதானவர்களிடம் இன்னும் கொஞ்சம் தாராளமாகவே கேட்கலாம். ரங்கூனிலிருந்து குழந்தையாகக் கப்பலேறியவர்களுக்கே இப்போது அறுபதைத் தாண்டிவிட்டது, யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருப்பவர்கள் அவர்களில் நிறைய.

அந்தப் பெண்ணைத் தேடிப் போய் மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம். அது நாலாவது கேள்வி போல ஆகிவிடும்.

அப்புறம், அப்பாவைப் பற்றி ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே. கப்பலிலிருந்து இறங்கியவர்கள் கையில் என்னென்ன இருந்தன, துறைமுகத் தொழிலாளிகள் அவர்களோடு பேசினார்களா, எங்கே உட்கார வைத்தார்கள், என்ன சாப்பிடக் கொடுத்தார்கள் என்று அவர் சொல்லி உங்களுக்கு நினைவிருப்பதை எழுதி அனுப்புங்கள். கையால் எழுதிப் படம் எடுத்து அனுப்பினாலும் போதும், நான் தட்டச்சு செய்துகொள்கிறேன்.