அட்டிலாவைக் கதையில் எழுதும்போது எதை நம்பலாம்?

கேள்வி: ஹூணர் அரசன் அட்டிலாவை வைத்துச் சரித்திரத் தொடர்கதை எழுதத் தொடங்கியிருக்கிறேன். இணையத்தில் ஆளுக்கொரு மாதிரி சொல்கிறார்கள். எங்கே தொடங்குவது? அவன் இருப்பிடம், உடை, விருந்து, போர், சாவு இவற்றைப் பிழையில்லாமல் எப்படிக் காட்டுவது? குப்த அரசர் ஸ்கந்தகுப்தர் எதிர்த்த ஹூணர்கள் இவர்கள்தானா?

பதில்: கி.பி. 449-இல் தொடங்குங்கள். அந்த ஆண்டு கிழக்கு ரோமின் தலைநகர் கான்ஸ்டான்டினோபிளிலிருந்து அட்டிலாவிடம் போன தூதுக்குழுவில் பிரிஸ்கஸ் என்ற கிரேக்கர் இருந்தார். அவனை நேரில் பார்த்தவர் எழுதியதாக நம் கைக்கு விரிவாக வந்திருப்பது அவருடைய குறிப்புதான், அதுவும் துண்டு துண்டாக. தோற்றத்துக்கு அவரை ஆதாரமாகக் கொண்டு ஒரு நூற்றாண்டு கழித்து எழுதிய வரலாற்றாசிரியர் ஜோர்டானஸைப் பாருங்கள்: குள்ள உருவம், அகன்ற மார்பு, பெரிய தலை, சிறிய கண்கள், நரையோடிய மெல்லிய தாடி, சப்பை மூக்கு. ஹூணர் தொடைக்கும் குதிரை முதுகுக்கும் நடுவில் அரைப்பச்சை இறைச்சியை வைத்துச் சூடாக்கித் தின்பார்கள் என்பது ரோம வரலாற்றாசிரியர் அம்மியானஸ் காதால் கேட்டு எழுதியது. அட்டிலா ஆட்சிக்கு வருவதற்கு நாற்பது ஆண்டுக்கு முந்தைய எழுத்து. அதை விட்டுவிடுங்கள்.

பெரும்பாலோர் சறுக்குவது இருப்பிடத்தில். அவனைக் கூடாரத்திலேயே உட்கார வைத்துவிடுகிறார்கள். பயணத்தில் கூடாரம் உண்டு. அவன் கூடாரம் சமவெளியில் இருந்ததால் தூதர்கள் மேட்டில் கூடாரம் போடக் கூடாது என்று ஹூணர் தடுத்தார்கள். அருமையான காட்சி, தவறவிடாதீர்கள். ஆனால் அவன் ஊரில் இருந்தது இழைத்த பலகைகளால் கட்டிய மரமாளிகை, சுற்றிலும் மரவேலி, கோபுரங்கள். பக்கத்தில் அமைச்சன் ஒனெகெசியஸின் வீட்டோடு கல்லால் கட்டிய குளியலறை. அதைக் கட்டியவன் சிர்மியம் என்ற ரோம நகரத்துக் கைதி. வேலை முடிந்தால் விடுதலை கிடைக்கும் என்று நம்பியவனை அதே குளியலறைக்கு ஊழியனாக்கிவிட்டார்கள். துணைப் பாத்திரத்துக்கு இவனைவிட நல்ல ஆள் கிடைக்கமாட்டான்.

விருந்தில் மற்றவர்களுக்கு வெள்ளித்தட்டும் பொன், வெள்ளிக் கோப்பைகளும். அட்டிலாவுக்கு மரத்தட்டு, மரக்கோப்பை. வாளிலும் காலணி வாரிலும் குதிரைக் கடிவாளத்திலும் தங்கமோ மணியோ கிடையாது. எனவே அவன்மேல் நகைகளை அடுக்காதீர்கள். பாடகர்கள் அவன் வெற்றிகளைப் பாடினார்கள். செர்கோன் என்ற கோமாளியைப் பார்த்து எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தபோது அட்டிலா முகம் அசையவில்லை. கடைசி மகன் எர்னாக் அருகில் வந்ததும் மட்டும் கன்னத்தைப் பிடித்து இழுத்துக் கனிவாகப் பார்த்தான். வழியில் தூதர்களுக்குக் கிடைத்த உணவு கோதுமையல்ல, சிறுதானியம். குடிக்கத் தேன் மது.

கதைக்கு முடிச்சும் அங்கேயே இருக்கிறது. கான்ஸ்டான்டினோபிள் அரண்மனை அதிகாரி கிரிசாஃபியஸ், அட்டிலாவின் ஆள் எடெகோவைக் கொண்டு அட்டிலாவையே கொல்லத் திட்டமிட்டான். காவலர்களுக்குப் பங்கிட எடெகோ கேட்டது 50 ரோம ராத்தல் பொன், ஏறத்தாழ 16 கிலோ. எடெகோ அட்டிலாவிடமே சொல்லிவிட்டான். தூதுக்குழுவின் மொழிபெயர்ப்பாளன் விகிலாஸ் பொன்னோடு திரும்பி வந்து பிடிபட்டான். உன் மகனைக் கொன்றுவிடுவேன் என்றதும் உண்மையைக் கக்கினான். அட்டிலா அவன் தலையை எடுக்கவில்லை. இன்னும் 50 ராத்தல் கேட்டான்.

அட்டிலாவின் குணம் இதில்தான் இருக்கிறது. வெறிபிடித்தவனாக அவனை எழுதினால் கதை பிழைக்காது. அவனுக்கு முன் ஆண்ட ருவாவின் காலத்தில் கிழக்கு ரோம் ஆண்டுக்கு 350 ராத்தல் பொன் கொடுத்தது. அட்டிலாவும் அண்ணன் பிளேடாவும் அதை 700 ஆக்கினார்கள். பிறகு 2,100, அதாவது சுமார் 680 கிலோ. பாக்கி 6,000 ராத்தல் தனி. தப்பியோடிய ஹூணர்களைத் திருப்பித் தரவேண்டும் என்பதும் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் வரும். பொன் வந்து பங்கிடப்பட்டால்தான் தலைவர்கள் அவனோடு நிற்பார்கள். ஓடிப்போனவன் ரோமப் படையில் சேர்ந்தால் அது அட்டிலாவின் பிடிக்கே ஆபத்து. 450-இல் கிழக்கு ரோமப் பேரரசர் மார்சியன் கப்பத்தை நிறுத்தினார். மேற்கு ரோமின் இளவரசி ஹொனோரியா அட்டிலாவுக்கு மோதிரம் அனுப்பியது மேற்கின்மேல் படையெடுக்க நல்ல சாக்காக அமைந்தது.

போர்க் காட்சிகளில் அங்கவடி (குதிரைமேல் கால் வைக்கும் வளையம்) வேண்டாம். அது ஐரோப்பாவில் பரவியது பிற்காலத்தில் அவார்கள் என்ற நாடோடிகள் வந்த பிறகு. சேணம் மரச்சட்டம் வைத்தது. 451-இல், இன்றைய பிரான்சில் உள்ள கட்டலௌனியச் சமவெளியில் தோல்வி நெருங்கியபோது அட்டிலா சேணங்களை அடுக்கித் தனக்குச் சிதை தயாரித்தான் என்று ஜோர்டானஸ் சொல்வது அதனால் பொருந்துகிறது. வில், மரம், கொம்பு, தசைநார் மூன்றையும் ஒட்டிச் செய்தது; முனைகளில் எலும்புத் தகடு. குதிரைவீரர்களோடு நிறுத்திவிடாதீர்கள்: நைசஸ் நகரை முற்றுகையிட்டபோது சக்கரம் வைத்த மேடை, மதிலிடிக்கும் மரம், ஏணி எல்லாம் இருந்தன. ஐந்து லட்சம் வீரர் என்ற கணக்கை ஏற்காதீர்கள். அத்தனை குதிரைக்கு ஹூணர்கள் வாழ்ந்த சமவெளியில் புல் போதாது.

452-இல் இத்தாலியிலிருந்து அவன் திரும்பியதற்குப் போப் லியோவை மட்டும் காரணமாக்கினால் பாதிக் கதைதான். பஞ்சம், நோய், பின்னால் மார்சியனின் படை எல்லாம் சேர்ந்து நெருக்கின.

453-இல் இல்டிகோவோடு திருமணம் நடந்த இரவில், குடித்து மல்லாந்து படுத்தவனுக்கு மூக்கில் ரத்தம் வந்து தொண்டை அடைத்தது, உடலில் காயமில்லை. மனைவி குத்தினாள் என்பதும் பழைய ஏடொன்றில் உண்டு, ஆனால் பல பத்தாண்டுகள் பிந்தியது. ஹூணர் ஆண்கள் முடியை வெட்டி, முகத்தைக் கீறிக்கொண்டு துக்கம் காத்தார்கள். முடிவு அத்தியாயத்தை அவன் சாவோடு மூடவேண்டாம்: மகன்கள் மக்களைப் பங்குபோட முயன்றதும் ஹூணருக்கு அடங்கியிருந்த கெப்பிடுகள் என்ற மக்களின் அரசன் அர்தாரிக் எதிர்த்து எழுந்தான். நெடாவோ போரில் மூத்த மகன் எல்லாக் விழுந்தான்.

ஸ்கந்தகுப்தரை இந்தக் கதைக்குள் கொண்டுவராதீர்கள். அவர் விரட்டிய ஹூணர்கள் மத்திய ஆசியா வழியாக வந்தவர்கள். அவர்களுக்கும் அட்டிலாவின் மக்களுக்கும் உறவு உண்டா என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்தில்லை. இந்தியாவில் ஆண்ட ஹூண அரசர்கள் தோரமாணனும் மிகிரகுலனும் அட்டிலாவுக்கு அரை நூற்றாண்டு பிந்தியவர்கள். வேண்டுமானால் அவர்களுக்குத் தனித் தொடரே எழுதலாம்.