பார்த்தவர்கள் 4,000, கண்டுபிடித்தவர்கள்?

கேள்வி: கல்லூரி நூலகத்தில் உதவி நூலகராக இருக்கிறேன். ஆய்வு மாணவர்களுக்காகத் துறைவாரியாக இணைய வழிகாட்டிப் பக்கங்கள் போட்டேன். ஓராண்டில் 4,000 பார்வை. கல்லூரிகளுக்குத் தரமதிப்பீடு செய்யும் நாக் (NAAC) குழு வருகிறது. "நல்லா பயன்படுதுன்னு எழுதிக் கொடுங்க" என்கிறார் முதல்வர். இந்த எண் போதுமா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: எழுதிக் கொடுங்கள், தப்பில்லை. ஆனால் அதில் உங்கள் சொந்தப் பார்வை எத்தனை என்று பார்த்துக்கொள்ளுங்கள்! நான் வேலையில் இருந்தபோது லிப்கைட்ஸில் பக்கம் போட்டோம். 2007-ல் வந்த மென்பொருள். தேதிவாரியாகக் கணக்குக் காட்டும். ஜூலையில் ஒரு நாள் மட்டும் எண் எகிறியிருந்தது. பூரித்துப் போனேன். அப்புறம்தான் உறைத்தது, அன்று புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நூலக அறிமுக வகுப்பு. 60 பிள்ளைகளையும் ஒரே நேரத்தில் திறக்கச் சொன்னவனே நான்தான்.

பிறகு, கைத்தறி பற்றி ஆய்வு செய்த எம்.ஏ. மாணவி ஒருத்தியை உட்காரவைத்து, "இதுல ஏற்கெனவே வந்த ஆய்வேடு ஒண்ணு தேடி எடும்மா" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் வாயைத் திறக்காமல் இருந்தேன். அதுதான் கஷ்டம். ஆய்வேடு, கட்டுரை தேடும் தளங்களுக்கு 'தரவுத்தளங்கள்' என்று நான் தலைப்புப் போட்டிருந்த இடத்தை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கம்ப்யூட்டர் சயின்ஸ் பிள்ளைகளுக்கானது என்று நினைத்தாளாம். நேரே மேலே இருந்த தேடல் பெட்டியில் 'கைத்தறி' என்று தட்டினாள். அந்தப் பெட்டி வழிகாட்டிப் பக்கங்களுக்குள் மட்டும்தான் தேடும். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகள் இருக்கும் சோத்கங்கா தளத்தை எட்டிப் பார்க்காது. ஒன்றும் வரவில்லை. "இதுல யாரும் ஆராய்ச்சி பண்ணல போல சார்" என்று எழுந்துவிட்டாள். கணக்கில் அதுவும் ஒரு பார்வைதான்.

இன்னும் மூன்று பேரை உட்காரவைத்தேன். இரண்டு பேர் அதே பெட்டியில் விழுந்தார்கள். பெட்டியைத் தூக்கினேன். 'தரவுத்தளங்கள்' போய், 'ஆய்வேடு தேட', 'கட்டுரை தேட' வந்தது. 40 சொச்சம் லிங்க் 9 ஆனது. தூக்கியவற்றில் 7 எப்போதோ செத்துப்போனவை. 'வாசகரின் நேரத்தைச் சேமி' என்று நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931-லேயே எழுதியதை என் மேஜைக்கு மேலே மாட்டி வைத்திருந்தவன் நான்!

பார்வை எண்ணோடு, அங்கிருந்து எத்தனை பேர் வெளி லிங்கைச் சொடுக்கிப் போனார்கள் என்ற கணக்கையும் சேருங்கள். ப்ராஜெக்ட் கடைசியில் மாணவர்கள் தரும் நூற்பட்டியலையும் ஒரு கட்டு எடுத்து, நீங்கள் காட்டிய தளங்களிலிருந்து ஏதாவது வந்திருக்கிறதா என்று புரட்டுங்கள். கூகுள் வழியாக வந்தவையும் அதில் கலந்திருக்கும், அதனால் ரொம்ப நம்ப வேண்டாம். குழு வருவதற்குள் நாலு பிள்ளைகளைப் பிடித்து உட்காரவைக்க ஒரு மத்தியானம் போதும்.

பெட்டியை எடுத்த மறுநாள், "தேடுற பெட்டி எங்க போச்சு?" என்று சண்டைக்கு வந்தவர் ஒரு பேராசிரியர்.