வலிக்குப் பெயர் வைத்த அம்மா: முதியோர் வலிக்குழு பற்றிக் கேள்வி பதில்

திருச்சி வாசகி: அம்மாவுக்கு 72 வயது, முழங்கால் வலி. குழுவில் கதை பேசினால் வலி போய்விடுமா?

போகாதுங்க. 3 மாதம் தாண்டிய வலி மூட்டோடு நிற்காது. தூக்கத்தையும் மனசையும் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடியைத் தளர்த்துவதுதான் குழுவின் வேலை. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

மதுரை வாசகர்: குழுவில் என்னதான் செய்வீர்கள்?

ஆள் வேறு, பிரச்சினை வேறு என்பதே அடிப்படை. ஆஸ்திரேலியாவின் மைக்கேல் வைட்டும் நியூசிலாந்தின் டேவிட் எப்ஸ்டனும் என்ற இரு குடும்ப சிகிச்சையாளர்கள் வளர்த்த, "நேரேட்டிவ் தெரபி" எனும் கதைவழி மனநல சிகிச்சை முறை இது. எட்டுப் பேர் வட்டமாக உட்காருவோம். வலிக்குப் பெயர் வைக்கச் சொல்வேன். ஒரு அம்மா "சம்பந்தி" என்றார். "சொல்லாமக் கொள்ளாம வருவா, போன்னு சொல்ல முடியாது, வந்தா அடுப்படி பூரா அவ ராஜ்ஜியம்." சம்பந்தியால் பறிக்க முடியாத வேலை ஏதாவது உண்டா என்று கேட்டேன். வெகுநேரம் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "பூ கட்டுறது" என்றார். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்கப்போய், அத்தை, வாழைநார், விடிகாலை மல்லி மொட்டு என்று அரைமணி நேரம் ஓடியது.

பிறகு மற்றவர்கள் பேசுவார்கள். அறிவுரை கூடாது. எந்தச் சொல் மனசில் தைத்தது, தன் வாழ்க்கையில் எதைக் கிளறியது, அதை மட்டும் சொல்ல வேண்டும். இப்படிச் சாட்சியாகக் கேட்பதை வைட், மானுடவியலாளர் பார்பரா மையர்ஹாஃபின் எழுத்திலிருந்து எடுத்துக்கொண்டார். 1970-களில் கலிபோர்னியாவின் வெனிஸ் கடற்கரையில் யூத முதியவர்களோடு பழகி எழுதியவர் மையர்ஹாஃப்.

கோவை வாசகர்: இது நம் திண்ணைப் பேச்சுதானே?

திண்ணையில் நாலு பேரும் வைத்தியர்கள். மூன்றாவது வாக்கியத்திலேயே "முடக்கத்தான் சாப்பிடு" என்று வாயை அடைத்துவிடுவார்கள்.

கோவை வாசகர்: என் தாத்தாவின் மனசு ஆறியது திண்ணையில்தான்.

கேட்கத் தெரிந்த ஒருவர் அங்கே இருந்திருப்பார். பாட்டிக்கு அந்தத் திண்ணை கிடைத்ததா, சொல்லுங்கள்.

நெல்லை வாசகி: எங்கள் ஊரில் பீடி சுற்றும் பெண்களுக்குக் கிடைத்தது. கை வேலையில் இருந்தால் வாய் தானாகத் திறக்கும்.

ஒப்புக்கொள்கிறேன். அடுத்த வாரம் குழுவுக்குப் பூக்கூடை வாங்கி வருகிறேன்.

சேலம் வாசகர்: அப்பாவுக்கு இடுப்பு வலி. போய்விடுமா?

முதல் பதிலைப் படியுங்கள். மாத்திரை பற்றியதையும் சேர்த்து.

ஈரோடு வாசகர்: மூன்று நாளாக இடுப்பு வலி, கால் மரத்துப்போகிறது, சிறுநீர் இறங்கவில்லை. குழுவில் சேரலாமா?

இந்த நிமிடமே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். குழு பிறகு.

தஞ்சை வாசகி: அப்பா வாயே திறக்க மாட்டார். அழைத்து வரலாமா?

வாருங்கள். ஒரு பெரியவர் ஐந்து வாரம் சும்மா உட்கார்ந்திருந்தார். ஆறாவது வாரம் அந்த அம்மாவைப் பார்த்து, "நாரை நனைச்சா கட்டுவீங்க?" என்று கேட்டார்.