கீமோ எடுப்பதா வேண்டாமா? முதலில் ரிப்போர்ட்டின் இரண்டாம் பக்கம்

கேள்வி: எனக்கு வயது 56. கும்பகோணம் பக்கத்தில் ஒரு கிராமம். சத்துணவு அமைப்பாளராக இருக்கிறேன். மாதவிடாய் நின்று 5 வருடம் ஆகிறது. மூன்று வாரத்துக்கு முன் இடது மார்பகத்தில் புற்றுநோய் என்று ஆபரேஷன் செய்து, மார்பகத்தை முழுதாக எடுத்துவிட்டார்கள். கட்டி 2.4 செ.மீ. அக்குளில் எடுத்த நெறிக்கட்டிகளில் நோய் இல்லை. ஹார்மோன் பாசிட்டிவ், ஹெர்2 இல்லை. ஆபரேஷன் செய்த டாக்டர் "கீமோ போட்டுவிட்டால் பயமில்லை" என்கிறார். தஞ்சாவூரில் பார்த்த இன்னொரு டாக்டர் "மாத்திரையே போதும் போலிருக்கிறது" என்றார். என் நாத்தனார் கீமோ எடுத்து, படாத பாடு பட்டு, இரண்டே வருடத்தில் தவறிவிட்டார். மகன், கீமோ எடுத்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். வீட்டுக்காரர் சித்த வைத்தியரிடம் சூரணம் வாங்கித் தருகிறேன் என்கிறார். தை மாதம் மகள் கல்யாணம் வேறு. ரிப்போர்ட் நகல் இணைத்திருக்கிறேன். நான் என்ன செய்யட்டும்? பெயர் போட வேண்டாம்.

பதில்: அன்புச் சகோதரிக்கு,

உங்கள் ரிப்போர்ட்டை நிதானமாகப் படித்தேன். கீமோவா, ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரையா என்று முடிவெடுக்கும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று அதில் பாக்கி இருக்கிறது. ஹெர்2 என்பது புற்றுநோய் செல்களை வேகமாக வளரத் தூண்டும் ஒரு புரதம். 'ஹெர்2 இல்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். ரிப்போர்ட் அப்படிச் சொல்லவில்லை. இரண்டாம் பக்கத்தின் அடியில் 'ஹெர்2: 2+' என்று இருக்கிறது. அதற்குக் கீழேயே, ஃபிஷ் பரிசோதனை செய்து உறுதிசெய்யவும் என்று சின்ன எழுத்தில் ஒரு வரி. 0 அல்லது 1+ என்றால் நெகட்டிவ். 3+ என்றால் பாசிட்டிவ். 2+ என்றால் சாயம் பார்த்து முடிவு சொல்ல முடியவில்லை, மரபணு அளவில் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று பொருள். அந்த எண்ணிக்கைதான் ஃபிஷ். அதைச் செய்ததாக நீங்கள் அனுப்பிய தாள்களில் எங்கும் இல்லை.

இதற்காக மறுபடி உடம்பில் கத்தி வைக்க மாட்டார்கள். எடுத்த கட்டியை மெழுகில் பதித்து, சிறு வில்லைகளாகப் பரிசோதனைக் கூடத்தில் வைத்திருப்பார்கள். 'பிளாக்' என்று கேட்டால் தெரியும். ஃபிஷ்ஷை அதிலேயே செய்யலாம். அதை நீங்கள் கேட்டு வாங்கலாம். மகனை நாளைக்கே அனுப்புங்கள். ரசீதில் பிளாக் எண்ணும் உங்கள் பெயரும் சரியாக இருக்கிறதா என்று பார்த்து வாங்கிவரச் சொல்லுங்கள்.

ஃபிஷ் பாசிட்டிவ் என்று வந்தால், இரண்டு டாக்டர்களுக்கும் இடையே விவாதத்துக்கே இடமிருக்காது. 2.4 செ.மீ. கட்டி, ஹெர்2 பாசிட்டிவ் என்றால் கீமோவும், அதோடு ஹெர்2-ஐக் குறிவைத்துத் தாக்கும் டிராஸ்டுசுமாப் ஊசியும் வேண்டும். அந்த ஊசி வழக்கமாக ஒரு வருடம். ஒருகாலத்தில் நடுத்தரக் குடும்பமே நினைத்துப் பார்க்க முடியாத விலை. 2014-இல் இந்திய நிறுவனத் தயாரிப்பு வந்த பிறகு விலை இறங்கியிருக்கிறது. அப்படி வந்தால் தயங்காதீர்கள். மாத்திரை மட்டும் போதும் என்ற பேச்சை அங்கேயே விட்டுவிடுங்கள்.

2+ என்று வருபவை ஃபிஷ்ஷில் பெரும்பாலும் நெகட்டிவாகத்தான் முடியும். அப்படி வந்தால்தான் உங்கள் கேள்வி உண்மையான கேள்வியாகிறது. இனி எழுதுவதெல்லாம் அந்த நிலைக்கு.

"கீமோ போட்டால் நோய் திரும்பும் ஆபத்து மூன்றில் ஒரு பங்கு குறையும்" என்று ஒரு டாக்டர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கேட்டவுடன் யாருமே சரி என்று தலையாட்டிவிடுவோம். ஆனால் எதில் மூன்றில் ஒரு பங்கு? உங்களைப் போன்ற 100 பெண்களில் 30 பேருக்கு நோய் திரும்பும் என்றால், கீமோ 10 பேரைக் காப்பாற்றும். 6 பேருக்குத்தான் திரும்பும் என்றால், அது காப்பாற்றுவது 2 பேரை. மீதி 98 பேரும் முடி கொட்டி, வாய் புண்ணாகி, காய்ச்சலுக்குப் பயந்து, விரல் நுனி மரத்துப்போய் நான்கைந்து மாதம் கழித்ததில் அவர்களுக்கு லாபம் எதுவும் இல்லை. அதனால் டாக்டரிடம் இப்படிக் கேளுங்கள்: "என் வயசு, என் கட்டி, என் ரிப்போர்ட். இப்படி இருக்கிற 100 பேர் மாத்திரை மட்டும் எடுத்தால் 10 வருடம் கழித்து எத்தனை பேர் உயிரோடு இருப்பார்கள்? கீமோவும் சேர்த்தால் எத்தனை பேர்?" கேம்பிரிட்ஜில் உருவாக்கிய 'பிரிடிக்ட்' என்ற இலவசக் கணிப்பான் இணையத்தில் இருக்கிறது. டாக்டர் உங்கள் எதிரிலேயே விவரங்களைப் போட்டு இரண்டு எண்ணையும் காட்டலாம். அதை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். "பயமில்லை" என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய முடிவை எடுக்க முடியாது.

உங்களைப் போன்றவர்களுக்கு அதைவிடத் துல்லியமான வழியும் உண்டு. கட்டியில் 21 மரபணுக்களைப் பார்த்து நோய் திரும்பும் ஆபத்துக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் தரும் 'ஆங்கோடைப் டிஎக்ஸ்' பரிசோதனை. ஹார்மோன் பாசிட்டிவ், ஹெர்2 நெகட்டிவ், நெறிக்கட்டியில் நோய் இல்லை என்ற வகையில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைச் சேர்த்து நடந்த 'டெய்லர்எக்ஸ்' ஆய்வின் முடிவு 2018-இல் வந்தது. மதிப்பெண் 11 முதல் 25 வரை இருந்தவர்களில் பாதிப் பேருக்கு மாத்திரை மட்டும், பாதிப் பேருக்குக் கீமோவும் சேர்த்துக் கொடுத்தார்கள். 9 வருடம் கழித்துப் பார்த்தபோது, நோய் வேறு உறுப்புக்குப் பரவாமல் இருந்தவர்கள் மாத்திரைக் குழுவில் 94.5 சதவீதம், கீமோ குழுவில் 95. அவ்வளவுதான் வித்தியாசம். 50 வயதுக்கு உட்பட்டவர்களில் 16 முதல் 25 வரை மதிப்பெண் இருந்தால் கீமோவால் கொஞ்சம் பலன் தெரிந்தது. நீங்கள் அந்த வயதைத் தாண்டியவர். ஆகவே உங்களுக்கு 25 அல்லது அதற்குக் கீழே வந்தால், கீமோ வேண்டாம் என்று நிம்மதியாகச் சொல்லலாம். 26 அல்லது அதற்கு மேல் வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், கீமோ வேலை செய்யும் வகை அது.

செலவுதான் இடிக்கும். மாதிரி வெளிநாட்டுக்குப் போய் வர வேண்டும், சில லட்சம் ரூபாய் ஆகும். பெங்களூருவில் உருவான 'கேன்அசிஸ்ட் பிரெஸ்ட்' என்ற பரிசோதனை இதைவிடக் குறைந்த விலை. கட்டியில் 5 புரதங்களைப் பார்த்துக் கணக்கிடுகிறது. ஆங்கோடைப்புக்கு இருக்கும் அளவு ஆய்வு பலம் அதற்கு இல்லை, ஆனால் எதுவுமே பார்க்காமல் முடிவெடுப்பதற்கு அது மேல். இரண்டுமே கைக்கு எட்டாது என்றால் கடன் வாங்காதீர்கள். கட்டியின் கிரேடு (செல்கள் எவ்வளவு மாறியிருக்கின்றன என்ற அளவு) 2, கேஐ-67 (செல்கள் பெருகும் வேகம்) 18 சதவீதம், நெறிக்கட்டி சுத்தம் என்ற உங்கள் விவரங்களை வைத்தே அனுபவமுள்ள கீமோ டாக்டர் உங்களோடு உட்கார்ந்து பேசி முடிவெடுக்க முடியும். அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட் போன்ற இடத்தில் எல்லாத் துறையினரும் சேர்ந்து பார்த்துச் சொல்லும் கருத்து கிடைத்தால் நல்லது. முடிவு கீமோ என்றே வந்தாலும், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் திட்டத்தில் உள்ள மருத்துவமனைகளில் அதற்கு வழி உண்டு.

இதெல்லாம் முடிய நாள் இருக்கிறதா என்று பதறாதீர்கள். புண் ஆறி, ஆபரேஷனுக்குப் பிறகு நான்கைந்து வாரத்தில் கீமோ தொடங்குவது வழக்கம். மூன்று மாதத்தைத் தாண்டுவதுதான் கெடுதல். கையில் இருக்கும் வாரங்கள் ஃபிஷ்ஷுக்குப் போதும்.

உங்கள் நாத்தனாரைப் பற்றி நீங்கள் எழுதிய வரியில்தான் எனக்கு மனம் நின்றது. அவர் பட்டதை நீங்கள் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறீர்கள். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அவருக்கு எந்த வகை, எந்தக் கட்டத்தில் கண்டுபிடித்தார்கள், பரவியிருந்ததா என்று தெரியாமல் அவர் கதையை உங்கள் கதையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மார்பகப் புற்றுநோய் என்ற ஒரே பெயருக்குள் பல நோய்கள் இருக்கின்றன. அவரை வாட்டியது வாந்தி என்றால், இன்று அதற்குத் தரும் மருந்துகள் எவ்வளவோ மேல். காய்ச்சல் விஷயத்தில் மட்டும் விளையாடக் கூடாது. கீமோ நாட்களில் 100.4 டிகிரி தாண்டினால் நடுராத்திரியானாலும் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். பாராசிட்டமால் போட்டுப் படுப்பது ஆபத்து.

வீட்டுக்காரரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். ஐயா, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் நவீன சிகிச்சையை விட்டுவிட்டு மாற்று மருத்துவத்தை மட்டும் நம்பிய மார்பகப் புற்றுநோயாளிகள் இறக்கும் ஆபத்து 5 மடங்குக்கும் மேல் என்று 2018-இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். சூரணம் கொடுத்தே தீருவேன் என்றால், பொட்டலத்தோடு கேன்சர் டாக்டரிடம் போய்க் காட்டிவிட்டுக் கொடுங்கள். கீமோ நடக்கும்போது கல்லீரலைக் கெடுக்கும் எதுவும் உள்ளே போகக் கூடாது.

மகனுக்கும் ஒரு வார்த்தை. தம்பி, அம்மா மேல் இருக்கும் பாசத்தில் பேசுகிறீர்கள். ஆனால் ஊசி ஏறப்போவது அவர் கையில். எண்கள் வந்த பிறகு கடைசி வார்த்தை அவருடையதாக இருக்கட்டும்.

கல்யாணத்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. மூன்று வாரத்துக்கு ஒரு முறை கீமோ என்றால், ஊசி போட்ட 7-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாள் வரை வெள்ளணுக்கள் அடிமட்டத்தில் இருக்கும், மூன்றாம் வாரத்தில் ஏறிவிடும். முகூர்த்தத் தேதியை டாக்டரிடம் முதல் நாளே சொல்லிவிட்டால், கல்யாணம் அந்த மூன்றாம் வாரத்தில் விழும்படி அவர் தேதி போட்டுக்கொள்வார். முதல் ஊசி போட்ட இரண்டு மூன்று வாரத்தில் முடி கொட்டும். மகளிடம் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், மண்டபத்தில் வைத்துத் தெரிய வேண்டாம்.

கீமோ எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் ஹார்மோன் மாத்திரை உண்டு, குறைந்தது 5 வருடம். உங்கள் வகைக்குப் பெரிய பாதுகாப்பு அதுதான். உங்கள் வயதுக்கு அநேகமாக லெட்ரோசோல் அல்லது அனாஸ்ட்ரோசோல் எழுதுவார்கள். தொடங்கும்போதே எலும்பு அடர்த்தியும் பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் எழுந்ததும் மூட்டு பிடித்துக்கொண்டு வலிக்கிறது என்று சொல்லாமல் கொள்ளாமல் மாத்திரையை நிறுத்திவிடுகிற பெண்கள் நிறைய. வலி வந்தால் டாக்டரிடம் போங்கள். அதே வகையில் வேறு மாத்திரை உண்டு, அதுவும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் டாமோக்சிபென் இருக்கிறது.