யூரியா எறிந்த வயலில் மூக்கைப் பிடிக்கும் வாடை ஏன்?

கேள்வி: பரந்தனில் காலபோக நெல் செய்கிறேன். ஈர வயலில் சூளைச் சுண்ணாம்பு எறிந்து, இரண்டு நாள் கழித்து யூரியா எறிந்தேன். அடுத்த நாள் கண் எரிகிற மாதிரி வாடை. பயிரும் பச்சை பிடிக்கவில்லை. யூரியா கலப்படமோ? பத்தாம் தரம் படிக்கும் மகள் இது 'பிரிகைத் தாக்கம்' என்கிறாள்.

பதில்: ஐயா, யூரியாவைச் சந்தேகிக்க முன், ஒரு தம்ளர் தண்ணீரில் ஒரு பிடி போட்டுக் கலக்கிப் பாருங்கள். நல்ல யூரியா மண்டி இல்லாமல் கரையும், தம்ளர் கையில் சில்லென்று குளிரும். அங்கே கரைதல் மட்டுந்தான், எதுவும் பிரியவில்லை.

பிரிகை என்றால் ஒரு பொருள் உடைந்து இரண்டு, மூன்று பொருளாவது. நீங்கள் எறிந்த சுண்ணாம்பே அப்படி வந்ததுதான். சூளையில் ஏறத்தாழ 900 பாகை வெப்பத்தில் 100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பாகிறது. மிச்சம் 44 கிலோவும் காபனீரொட்சைட்டாகப் புகையோடு போய்விடும். வெப்பம்தான் வேண்டும் என்றும் இல்லை. உங்கள் ஊர் இரசாயனத் தொழிற்சாலை ஓடிய காலத்தில் உப்புக் கரைசலை மின்சாரத்தால் பிரித்துத்தானே எரிசோடாவும் குளோரீனும் எடுத்தார்கள்!

வயலில் யூரியாவை உடைப்பது மண் நுண்ணுயிர்களின் யூரியேசு நொதியம். தண்ணீரும் சேர்வதால் புத்தகம் இதை நீர்ப்பகுப்பு என்னும். ஆனாலும் உடைகிறது என்று மகள் பிடித்தது சரி, கெட்டிக்காரி. உடைந்து வருவது அமோனியாவும் காபனீரொட்சைட்டும். சாதாரண மண்ணில் அமோனியாவின் பெரும்பகுதி அமோனியமாகி மண்ணோடு ஒட்டிக்கொள்ளும், வேர் எடுக்கும். சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்கியதால் அது வாயுவாகவே கிளம்பிவிட்டது. 50 கிலோ மூட்டையில் 23 கிலோ நைதரசன் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய அதில் ஒரு பங்கைத்தான் நீங்கள் மூக்கால் அறிந்தீர்கள்.

வன்னியின் செம்மண் பெரும்பாலும் நடுநிலைக்குக் கிட்டத்தான். மண் பரிசோதிக்காமல் சுண்ணாம்பு எறிவது வீண்செலவு என்பேன். பரிசோதனையில் தேவையென்று வந்தால், விதைப்புக்கு இரண்டு மூன்று கிழமை முன்பே போட்டு உழுதுவிடுங்கள்.

இப்போது முழு அளவை இன்னொரு முறை எறியவேண்டாம். வாடை அடங்கியபின் விவசாயப் போதனாசிரியரிடம் இலை நிற அட்டை வாங்கி, வெளிறல் இருந்தால் மட்டும் சிறிதளவு இடுங்கள். தேங்கிய நீரை வடித்து, பின்னேரத்தில், சேற்றில் படிய எறியுங்கள். இரண்டொரு நாளில் நீர் கட்டினால் யூரியா மண்ணுக்குள் இறங்கிவிடும்.