வாசகர் கேள்வி – பதில்: பாவித்த கமரா வாங்குமுன்

கேள்வி: அண்ணா, வணக்கம். என்னிடம் நிக்கோன் டி3300, அதோடு வந்த 18-55 லென்ஸ், பிறகு வாங்கிய 50 மி.மீ. எஃப்1.8 லென்ஸ் இருக்கின்றன. கோணேசர் கோயில் பக்கம் விடியற்காலைக் காட்சிகளும், சொந்தக்காரர் வீட்டு விழாக்களில் ஆட்களைத் தனியாக நிறுத்தி எடுக்கும் படங்களும்தான் அதிகம் எடுக்கிறேன். பாவித்த ஃபுல் ஃபிரேம் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவுக்குப் பெரிய சென்சர் உள்ள) கமரா ஒன்று வாங்க யோசனை. கொழும்பில் ஒருவர் நிக்கோன் டி750 தருகிறார், ஷட்டர் எண் (இதுவரை எடுத்த படங்களின் எண்ணிக்கை) 110,000 தாண்டிவிட்டது. நிலாவெளியில் ஒருவர் கெனான் 6டி வைத்திருக்கிறார், ஷட்டர் 18,000தான் என்கிறார், எப்போதும் கடற்கரையில் உல்லாசப் பயணிகளைப் படம் எடுத்த கமரா. சோனி ஏ7 இரண்டாம் மொடல் ஒன்றும் பார்த்தேன். எதை எடுக்கலாம்?
– வாசகர், உப்புவெளி

பதில்: தம்பி, என் தெரிவு டி750. அதிகம் ஓடிய கமராவை வாங்கச் சொல்கிறாரே என்று யோசிப்பீர்கள், அந்த எண்ணுக்குப் பிறகு வருகிறேன், முதலில் உங்கள் படங்களைப் பார்ப்போம்.

கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலையில் நின்று விடியலில் எடுக்கும்போது சூரியன் நேராகக் கடலில் இருந்து எழும்பும், வானம் கண் கூசும், பாறையும் கோயிலும் கறுத்துப் போய் நிற்கும். வானம் வெளுத்துப் போகாதபடி எடுத்துவிட்டு, இருண்ட பாறையைப் பிறகு கணினியில் ரோ கோப்பில் (கமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் மூலக் கோப்பு) வெளிச்சமாகத் தூக்கி எடுப்பதுதான் வழி. இந்த வேலைக்கு டி750 பிறவியிலேயே பொருத்தமானது. ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100இல் எடுத்த கோப்பில் இருட்டை மூன்று ஸ்டொப், அதாவது எட்டு மடங்கு, தூக்கினாலும் பாறையின் வெடிப்புகள் சுத்தமாகத் தெரியும். 2012இல் வந்த 6டியில் அதே அளவு தூக்கினால் இருட்டுக்குள் புள்ளிகளும் கோடு கோடான கறையும் கிளம்பும். 6டி மோசமான கமரா இல்லை, முகத்தின் நிறம் அழகாக வரும், மங்கிய வெளிச்சத்திலும் அதன் நடு ஃபோகஸ் புள்ளி நன்றாகப் பிடிக்கும். ஆனால் இருப்பதே 11 புள்ளிகள், அதில் நடுப்புள்ளி மட்டும்தான் கிடையாகவும் நிலைக்குத்தாகவும் பார்க்கும் நம்பகமான குறுக்கு வகை. லென்ஸை அகலத் திறந்து எஃப்1.8இல் ஒரு பிள்ளையின் முகத்தை எடுக்கும்போது நடுப்புள்ளியால் கண்ணைப் பிடித்துவிட்டுக் கமராவைத் திருப்பினால், ஃபோகஸ் கண்ணை விட்டுக் காதுக்குப் போய்விடும். டி750இல் 51 புள்ளிகள் உண்டு. அவையும் நடுப்பகுதியில் கொஞ்சம் நெருக்கமாகத்தான் இருக்கின்றன, என்றாலும் கண்ணின் மேலேயே ஒரு புள்ளியை வைக்க இடம் கிடைக்கும்.

சோனியை விட்டுவிடுங்கள். நல்ல சென்சர், கை நடுக்கத்தைக் கமராவே தாங்கும், அதெல்லாம் சரி. ஆனால் உங்கள் நிக்கோன் லென்ஸுக்கு அடப்டர் வேண்டும், அப்புறம் பற்றறி: கமராக்களுக்கான பொதுவான சோதனைக் கணக்குப்படி ஏ7 இரண்டாம் மொடலுக்கு ஒரு சார்ஜில் சுமார் 350 படம், டி750க்கு 1,230. பூப்புனித நீராட்டு விழா ஒன்று காலையில் தொடங்கி இரவு வரை போகும்போது இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

இப்போது காசைப் பற்றி. உங்கள் 18-55 லென்ஸ் சின்ன சென்சருக்குச் செய்தது. அதை டி750இல் மாட்டினால் கமரா தானாகவே படத்தின் நடுப்பகுதியை மட்டும் எடுத்து, 24 மெகாபிக்சலைச் சுமார் 10 ஆக்கிவிடும். அதாவது இயற்கைக் காட்சிக்கு உங்களிடம் லென்ஸே இல்லாமல் போகிறது. 50 மி.மீ. லென்ஸ் வேலை செய்யும், ஆனால் டி3300இல் அது 75 மி.மீ. போலத் தெரிந்தது, இனி உண்மையான 50ஆகத் தெரியும். முகத்தை நெருக்கமாக எடுக்க 85 வேண்டும் என்று மனம் கேட்கும். இதில் ஒரு நல்ல விஷயம், டி750க்குள் ஃபோகஸ் மோட்டார் உண்டு, டி3300இல் இல்லை. அதனால் பழைய 85 மி.மீ. எஃப்1.8டி போன்ற, மோட்டார் இல்லாத லென்ஸ்களையும் பாவித்த விலைக்குத் தேடி வாங்கி ஓட்டோ ஃபோகஸோடு பாவிக்கலாம்.

இதையெல்லாம் கூட்டிப் பாருங்கள். டி750 வாங்கிய பிறகு ஒரு அகல லென்ஸுக்குக் காசு மிஞ்சாது என்றால் இப்போதைக்கு ஃபுல் ஃபிரேம் வேண்டாம். 2015இல் வந்த, சின்ன சென்சர் உள்ள நிக்கோன் டி7200 ஒன்று தேடுங்கள். உங்கள் இரண்டு லென்ஸும் அப்படியே பொருந்தும், அதிலும் மோட்டார் உண்டு, இருட்டைத் தூக்கும் வேலையையும் நன்றாகச் செய்யும், 51 ஃபோகஸ் புள்ளிகள் படத்தின் ஓரம் வரை பரந்திருக்கும். உள்ள காசை எல்லாம் கமராவில் போட்டுவிட்டு லென்ஸ் இல்லாமல் நிற்கும் இளம் பிள்ளைகளைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே மனவருத்தம்.

சரி, ஷட்டர். டி750க்கு நிக்கோன் சொல்லும் அளவு 150,000. அது சோதனையில் தாங்கிய அளவு, அந்த எண்ணில் கமரா நின்றுவிடும் என்று அர்த்தம் இல்லை. அதற்கு முன்னரும் பழுதாகலாம், இரண்டு மடங்கும் ஓடலாம். ஷட்டரை மாற்ற முடியும், அதன் செலவை மனதில் வைத்து விலை பேசுங்கள். ஆனால் உப்பு தின்ற கமராவை யாராலும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. கடற்கரையிலேயே பல வருடம் வேலை செய்த கமராவில் 18,000 என்ற எண் எனக்கு எந்த ஆறுதலும் தராது. அதுவும் நிக்கோன் தன் படக் கோப்பிலேயே ஷட்டர் எண்ணை எழுதி வைக்கும், 6டி எழுதாது, கணினியில் இணைத்து மென்பொருளால்தான் படிக்க வேண்டும். ஆகவே 18,000 என்று எதை வைத்துச் சொல்கிறார் என்று காட்டச் சொல்லுங்கள்.

எந்தக் கமராவானாலும் பற்றறியைக் கழற்றி உள்ளே டோர்ச் அடித்துப் பாருங்கள். தொடுமுனைகளில் பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். ஃபிளாஷ் மாட்டும் தண்டவாளம், ட்ரைபொட் திருகும் துளை, லென்ஸ் வளையத்தைச் சுற்றியுள்ள சிறு திருகுகள், இந்த இடங்களில்தான் துரு முதலில் வரும். திருகின் தலை உரசுப்பட்டிருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள், ஏன் என்று கேளுங்கள். எல்லாச் சில்லுகளையும் உருட்டுங்கள், மணல் போனது உருட்டும்போது கரகரக்கும். பிடியின் றப்பர் பிசுபிசுத்தாலோ கிளம்பினாலோ ஒட்டிக்கொள்ளலாம், அதற்காக வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. கண் வைத்துப் பார்க்கும் இடத்தில் நூல் நூலாக ஏதாவது தெரிந்தால் அது பூஞ்சணம்.

பிறகு சென்சர். லென்ஸ் துளையைச் சிறிதாக்கி எஃப்16இல் வைத்து, ஃபோகஸைக் குழப்பிவிட்டு, வெறும் வானத்தை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். மங்கலான வட்டப் புள்ளிகள் தூசி, அவற்றைத் துடைத்து எடுக்கலாம். கோடாகக் கீறல் தெரிந்தால் வேண்டாம். லென்ஸ் மூடியைப் போட்டு 30 செக்கன் திறந்து வைத்து எடுத்தால் பழுதான பிக்சல்கள் நிறப் பொட்டுகளாகத் தெரியும், ஒன்றிரண்டு இருந்தால் பயமில்லை. உங்கள் 50 லென்ஸைக் கொண்டுபோய் எஃப்1.8இல் ஒருவரின் கண்ணிமையைக் கண் வைத்துப் பார்க்கும் துளை வழியாகவும் லைவ் வியூவிலும் (பின்திரையில் பார்த்து) எடுத்து, ஃபோகஸை ஒப்பிடுங்கள். சிறு வித்தியாசம் என்றால் டி750இன் மெனுவிலேயே திருத்தலாம்.

டி750க்கென்று ஒரு தனி விஷயம் உண்டு. ஆரம்பத்தில் செய்த சிலவற்றில் ஷட்டர் சரியாக இயங்காமல் படத்தின் ஒரு பகுதி இருண்டது, நிக்கோன் அவற்றை இலவசமாகத் திருத்திக் கொடுத்தது. கமராவில் உள்ள தொடர் எண்ணை நிக்கோன் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள், பாதிக்கப்பட்ட எண் என்றால் திருத்தியதற்குச் சான்று கேளுங்கள். விலை குறைகிறதே என்று டி600 பக்கம் போனாலும் கவனம், 2012இல் வந்த அந்த மொடலில் சென்சரில் எண்ணெயும் தூசியும் படிந்துகொண்டே இருந்தன, அடுத்த வருடம் வந்த டி610இல்தான் ஷட்டரை மாற்றினார்கள்.

முற்பணம் அனுப்பாதீர்கள். கொழும்புக்கு நேரில் போய்ச் சோதித்த பிறகே காசு கொடுங்கள், போக்குவரத்துச் செலவு பெரிதில்லை.

கேள்வி: பெரிதாக அச்சிட 36 மெகாபிக்சல் டி800 அவசியமா?
– வாசகர், மூதூர்

பதில்: அல்பத்துக்கும் வீட்டுச் சுவருக்கும் அவசியமில்லை. 24 மெகாபிக்சல் என்றால் 6000க்கு 4000 புள்ளிகள், அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 20க்கு 13 அங்குலம் துல்லியமாக வரும். 36இல் அது சுமார் 24க்கு 16 ஆகும், அவ்வளவுதான். அதற்காகப் பெரிய கோப்புகளையும் வேகமான கணினியையும் சுமக்க வேண்டும். கை நடுக்கமும் கூடுதலாகத் தெரியும் என்பதால் நல்ல ட்ரைபொட் இல்லாமல் அந்தக் கமராவின் பலனும் கிடைக்காது. முதலில் ட்ரைபொட் வாங்குங்கள்.

கேள்வி: அண்ணா, மாரி காலத்தில் என் லென்ஸில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. இப்போது பாவித்த கமரா ஒன்று வாங்கியிருக்கிறேன். எப்படி வைப்பது?
– வாசகி, கிண்ணியா

பதில்: தங்கச்சி, பூஞ்சணம் பிடித்த லென்ஸை முதலில் தனியாக வையுங்கள், புதியதோடு ஒரே பையில் வேண்டாம். வாடைக்காற்றும் மழையும் இருக்கும் மாதங்களில் துணிப்பை, தோல்பை, அலுமாரி எல்லாம் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி ஒன்று, அதற்குள் சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பத மானி, இவ்வளவு போதும். மானி 40க்கும் 50க்கும் இடையில் நிற்கட்டும், 60ஐத் தாண்டினால் ஜெல்லைச் சூடாக்கி உலர்த்தி மறுபடி வையுங்கள். வாரத்தில் ஒரு தடவையாவது வெளியே எடுத்துப் பாவியுங்கள், இருட்டில் சும்மா கிடப்பதுதான் பூஞ்சணத்துக்குப் பிடிக்கும். கடற்கரைக்குப் போய் வந்தால் நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் கமராவின் வெளிப்புறத்தைத் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடைத்து, காற்றாட விட்ட பிறகே பெட்டிக்குள் வையுங்கள். கடற்கரைக் காற்றில் லென்ஸ் மாற்ற வேண்டாம், வாகனத்துக்குள் போய் மாற்றுங்கள். ஏசி அறையில் இருந்து எடுத்துப் போகும்போது பையைத் திறக்காமல் வெளிச்சூட்டில் அரை மணி நேரம் அப்படியே விடுங்கள், இல்லாவிட்டால் கண்ணாடியில் நீர் பூத்துவிடும்.